அம்மாவுக்குப் போன மாத்திரை

கொஞ்ச நாளாகவே அம்மா காலைப் பிடித்துக்கொண்டு முனகினாள். பள்ளி வேன் ஓட்டிக் களைத்து வந்து, நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மறதி நோய் பாதிப் பேச்சைத் தின்றுவிட்டது.

பகலில் அம்மா அண்ணனின் லேத் பட்டறையில் இருப்பாள். இன்று அவளை அழைத்துப்போகச் சீக்கிரமே வந்துவிட்டேன். பின்னறையில் அண்ணன் ஒரு மாத்திரையைப் பொடித்து, வாழைப்பழத்தில் பிசைந்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். அட்டையைப் பார்த்தேன். அவனுடைய கொலஸ்ட்ரால் மாத்திரை!

"என்னண்ணே பண்றே?"

"கத்தாதே. கொழுப்பு குறைஞ்சா இந்த நோய் வர்ற வாய்ப்பும் குறையலாம்னு டாக்டர்தானே சொன்னாரு?"

"உனக்குச் சொன்னாரு! அம்மாவுக்குத்தான் வந்தாச்சே!"

அம்மாவிடமிருந்து இந்த நோய்க்கு வழிவிடும் ஜீன் எங்கள் இருவருக்குமே வந்திருக்கிறது. ஆனால் நோய் வந்தே தீரும் என்றில்லை என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். அண்ணனுக்குக் கொழுப்பும் எக்கச்சக்கம். இந்த மாத்திரை சிலருக்குத் தசைவலி தரும், தந்தால் உடனே வரவேண்டும் என்றும் எச்சரித்திருந்தார். மகானுபாவன் காதில் பாதிதான் ஏறியிருக்கிறது.

"எனக்கு எப்படியும் வரத்தான் போகுது, நான் போட்டு என்ன ஆகப்போகுது? அம்மாவாவது ஒரு தடவ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டுமே."

நான் உருகிவிடுவேன் என்று நினைத்தானோ என்னவோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்விட்டுச் சொல்லமுடியாதவளை வலிக்க வைத்துவிட்டு, இதற்குப் பெயர் பாசமாம்!

"நாளைக்கு நீ இப்படி உக்காந்தா யாரு பாத்துக்குவாங்க? நான்தானே? எனக்கும் வந்துட்டா? நான் உனக்கு ஊட்டுறதா, நீ எனக்கு ஊட்டுறதா? வாய் எங்க இருக்குன்னே ரெண்டு பேருக்கும் தெரியாதுண்ணே!"

அவன் பழக்கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"இப்பவே டாக்டர்கிட்ட போறோம். அம்மாவுக்கு என்ன குடுத்தேன்னு நீயே சொல்லு. அதுக்கு முன்னாடி உன் மாத்திரையைப் போடு."

ஒன்றைப் பிதுக்கி எடுத்து, தண்ணீரோடு விழுங்கினான்.

"போதுமா?"

"போதாது. உள்ள போச்சான்னு பாக்கணும். வாயைத் திற."

அம்மா திறந்தாள்.