முப்பது வயதில் மூன்றாம் வகுப்பு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. ஒரு மதியச் சாப்பாட்டில் கிடைத்தது. சிட்னியின் நடு நகரத்தில், சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற புனித பிளாந்தினா பங்குப் பள்ளியில் படித்தவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு கிளப்பில் கூடுவோம். ஆட்டு ரோஸ்ட் தின்போம். பியர் குடிப்போம். பிறகு ஒருவரை ஒருவர் புளுகர் என்று திட்டிக்கொள்வோம்.

போன தடவை ஃபெர்கஸ் டூலன் என் நாற்காலியை அவர் பக்கம் இழுத்தார். துறைமுகத்தில் சரக்கு இறக்கி ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்கிவிட்டார், கைகள் மட்டும் இன்னும் கதவு மாதிரி இருக்கின்றன.

"ஏம்மா, நீ கதையெல்லாம் எழுதுறவதானே? அந்தப் புதன்கிழமையை எழுதேன். நீயும்தான் இருந்தியே. எனக்கு இடது பக்கம், ரெட்டைச் சடையோட."

நான் அங்கே இல்லை. அதற்கு அடுத்த வருஷம்தான் சேர்ந்தேன். இதை அவரிடம் பல வருஷமாகச் சொல்லிவருகிறேன்.

"உனக்கு ஞாபகம் போயிடுச்சு" என்றார், பரிதாபமாக.

எதிரே இருந்த கார்மெனா புஹாஜியர் கரண்டியை நீட்டினார். "ஆமாடி, இருந்தே. என் சட்டைக் கையில மூக்கைத் துடைச்சது யாருங்கிறே?"

(ரெட்டைச் சடை உண்மை. மூக்கு யாருடையது என்று எனக்குத் தெரியாது.)

ஆக, நான் இல்லாத ஓர் அறையில் என்னைப் பார்த்ததாகச் சத்தியம் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். கதை எழுத இதைவிட நல்ல அனுமதி கிடைக்காது என்று தோன்றியது. ஆரம்பித்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "1978-ஆம் வருஷக் குளிர்காலத்தில், மூடப்படக் காத்திருந்த அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தின் ஜன்னல்களில் சோகமான மழை—"

இதை விட்டுவிடுகிறேன். மழைக்கு என்ன சோகம்? தவிர, முதல் வரியிலேயே பள்ளிக்கூடத்தைப் பார்த்து நீங்கள் உச்சுக் கொட்டத் தொடங்கிவிட்டால் பிறகு உங்களைச் சிரிக்கவைப்பது கஷ்டம்.

இரண்டாவது: "அன்று காலை ஃபெர்கஸ் டூலன் துறைமுகத்துக்குப் போகவில்லை. கண்ணாடி முன் நின்று தன் பழைய பள்ளி டையைக் கட்டிப் பார்த்தார். அது அவருடைய கழுத்தை—"

இதை ஃபோனில் கார்மெனாவுக்குப் படித்துக்காட்டினேன்.

"டையா? அவன்கிட்டயா? அவன் படிக்கிறப்பவே டை இல்லாமதான் வருவான். தினம் அதுக்கு அடி வாங்குவான். நீ எழுதுறதை எவன் நம்புவான்?"

அந்த வாக்கியமும் போயிற்று. மூன்றாவதாக, நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன்.

3

அந்தப் பள்ளியைச் சுற்றி ஒரு காலத்தில் வீடுகள் இருந்தன. ஒட்டி ஒட்டிக் கட்டிய, ஈரம் ஏறிய வீடுகள். ஐரிஷ்காரர்கள், மால்டாக்காரர்கள், லெபனான்காரர்கள். துறைமுகம், ஹோட்டல் சமையலறை, தையல் ஆலை என்று எல்லோருக்கும் நடக்கிற தூரத்தில் வேலை. அப்புறம் வீடுகளை இடித்து அலுவலகக் கட்டடங்கள் வந்தன. இடிக்காத வீடுகளின் வாடகை ஏறிப்போனது. குடும்பங்கள் மேற்கே, பிளாக்டவுன், ஃபேர்ஃபீல்டு என்று ரயில் பிடித்துப் போகவேண்டிய இடங்களுக்கு நகர்ந்துவிட்டன. பள்ளியின் மாடியைப் பூட்டிவிட்டார்கள். கீழே ஒரே அறையில் எல்லா வகுப்பும் நடந்தது. அப்படியும் பாதி டெஸ்க் காலி.

தலைமை ஆசிரியை சிஸ்டர் பிளாசிட். அமைதியானவர் என்று அந்தப் பெயருக்கு அர்த்தமாம். அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு புதன்கிழமை கத்தோலிக்கக் கல்வி அலுவலகத்திலிருந்து ஃபாதர் கிரீலி வருவார், வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தன் கண்ணால் பார்ப்பார், பார்த்து முடிவு சொல்வார் என்று கோயிலில் அறிவித்தார்கள். என்ன முடிவு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

4

யோசனை யாருடையது?

கார்மெனா: "என்னோடது. ஹோட்டல் சலவைக்கூடத்துல வேலை. போர்வையை மடிச்சிட்டு இருக்கறப்ப பளிச்சுன்னு வந்துச்சு. அவருக்கு டெஸ்க் நிறைய ஆள் வேணும், அவ்வளவுதானே? நாம போய் உக்காந்துட்டா?"

ஃபெர்கஸ்: "அவளோடதா? நான் பப்ல சொன்னேன். அங்க இருந்தவன் அவ அண்ணன். அவன் போய் அவகிட்ட சொல்லியிருக்கான்."

நஜ்லா தாவுத் என்று மூன்றாமவர் ஒருவர் உண்டு. சர்ரி ஹில்ஸில் ஒரு சட்டை ஆலையில் காலர் தைத்தவர். மெதுவாகப் பேசுவார். "யாரோ எனக்கு ஃபோன் பண்ணி, 'வெள்ளைச் சட்டை இருக்கா?'ன்னு கேட்டாங்க. 'நான் தைக்கறதே வெள்ளைச் சட்டைதான்'னேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நஜ்லாவையே எடுத்துக்கொள்வேன். நல்ல யோசனைகள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன, யாரோ ஃபோன் பண்ணி.

5

புதன்கிழமை. பிள்ளைகள் உள்ளே வந்தபோது காலி டெஸ்க்குகளில் எல்லாம் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சமையல்காரர்கள், நர்ஸுகள், ஒரு டாக்சிக்காரர், இரண்டு தபால்காரர்கள். கர்ப்பிணி ஒருத்தி டெஸ்க்குக்குள் நுழைய முடியாமல் குறுக்காக உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் வெள்ளைச் சட்டை. முப்பது வயதில் மூன்றாம் வகுப்பு.

சிஸ்டருக்கு முன்கூட்டித் தெரியுமா? தெரியாது என்கிறார் கார்மெனா. "அப்ப ஒவ்வொரு டெஸ்க்கிலயும் சீவின பென்சில் எப்படி வந்துச்சு?" என்கிறார் நஜ்லா. உடனே கார்மெனா பேச்சை மாற்றிவிடுவார்.

சிஸ்டர் உள்ளே வந்தார். பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பிள்ளைகளின் பெயரை எல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டு, நிறுத்தாமல், காகிதம் எதையும் பார்க்காமல், பெரியவர்களின் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்.

"கார்மெனா புஹாஜியர்."

"உள்ளேன் சிஸ்டர்."

"சூயிங்கம்மைத் துப்பு."

துப்பினார்.

"ஃபெர்கஸ் டூலன்."

"உள்ளேன் சிஸ்டர்."

"லேட்."

"சிஸ்டர், இன்னைக்கு நான்தான் முதல்ல வந்தேன்!"

"நீ இங்க படிச்ச அந்த ஆறு வருஷத்தைச் சொன்னேன்."

பிள்ளைகள் சிரித்து உருண்ட நேரத்தில் ஃபாதர் கிரீலி கதவில் வந்து நின்றார். சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உக்காருங்க ஃபாதர். வாய்ப்பாடு நடக்கப்போகுது. டூலன், ஏழு எட்டு?"

"ஐம்பத்து..." ஃபெர்கஸ் கூரையைப் பார்த்தார். "சிஸ்டர், துறைமுகத்துல எல்லாம் டன் கணக்குதான்."

"எந்திரிச்சுச் சொல்லு."

எழுந்தார். டெஸ்க்கும் அவரோடு எழுந்தது. பெஞ்சும் மேசையும் ஒன்றாக இரும்பில் பிணைத்த பழைய டெஸ்க் அது. அது இடுப்பில் சிக்கிக்கொள்ள, அந்த ஆறடி மனிதர் அதைப் பாவாடை மாதிரி கட்டிக்கொண்டு நின்றார். கூரை இடிகிற மாதிரி சிரிப்பு.

இங்கே ஓர் அழகான வர்ணனை எழுதி வைத்திருந்தேன், ஆனந்தம் ஓர் ஆறாக— வேண்டாம். சிரித்தார்கள், அவ்வளவுதான்.

6

இப்போது ஒரு சங்கடம். ஃபாதர் கிரீலியை நான் வில்லனாக எழுதியிருந்தேன். மெல்லிய உதடு, தங்கமுனைப் பேனா, கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம். எனக்கே பிடித்திருந்தது. நஜ்லாவிடம் படித்துக்காட்டினேன்.

"பேனாவா? கையில கைக்குட்டைதான் இருந்துச்சு. அவருக்கு நல்ல ஜலதோஷம். அந்த வாரம் முழுக்க இதே வேலையா ஒவ்வொரு ஸ்கூலா அலைஞ்சிருக்கார். பாவம்மா, நல்ல மனுஷன். அவரை ஏன் இப்படி எழுதுறே?"

தங்கமுனையை எடுத்துவிட்டேன். எடுத்ததும் கதை கஷ்டமாகிவிட்டது. வில்லன் இருந்தால் அவரைத் தோற்கடிக்கலாம், கை தட்டலாம். ஜலதோஷம் பிடித்த நல்ல மனிதர் ஒருவர் நியாயமான கேள்வி கேட்டால் என்ன செய்வது?

கேட்டார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, மூக்கைச் சிந்தி, மெதுவாகக் கேட்டார்:

"நீங்க எல்லாரும் இந்த ஸ்கூல் மேல உயிரா இருக்கீங்க. புரியுது. சந்தோஷம். ஆனா நாளைக்கு வேலைக்குப் போயிடுவீங்க. அடுத்த வருஷம் இந்த டெஸ்க்ல யார் உக்காருவாங்க?"

யோசனை யாருடையது என்று இத்தனை வருஷமாக அடித்துக்கொள்கிறவர்கள், அந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் தயாராக வரவில்லை என்பதில் ஒன்றுபடுகிறார்கள். டெஸ்க்குகளை நிரப்பினால் போதும் என்று வந்தவர்கள். ஃபெர்கஸ் இடுப்பில் டெஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தார். இப்போது அது வேடிக்கையாக இல்லை.

"அந்த நேரத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சு" என்றார் ஃபெர்கஸ். இதில் புளுகு இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்லும்போதும் வந்தது.

7

நஜ்லா கையைத் தூக்கினார். பேச அனுமதி கேட்டு, பிள்ளைகள் தூக்குகிற மாதிரி.

"சொல்லு நஜ்லா" என்றார் சிஸ்டர்.

"ஃபாதர், என் பொண்ணுக்கு எட்டு வயசு. ஃபேர்ஃபீல்டுல படிக்கிறா. நான் ஆலைக்குக் கிளம்பறப்ப அவ தூங்கிட்டிருப்பா. ஸ்கூல் விட்டதும் கழுத்துல மாட்டியிருக்கற சாவியை எடுத்து, தானே கதவைத் திறந்து, நான் வர்ற வரைக்கும் தனியா உக்காந்திருப்பா. டிவி சத்தமா வெச்சுக்குவா, பயத்துல." ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "நான் காலர் தைக்கற எடம் இங்கேருந்து ரெண்டே தெரு. வீடுதான் எங்களை விட்டுத் தள்ளிப் போச்சு. வேலை இங்கேயேதான் இருக்கு. தினமும் நாங்க இந்த ஊருக்குத்தானே வர்றோம்? வர்றப்ப பிள்ளையையும் கையோட கூட்டிட்டு வந்துட்டா?"

சொல்லி முடித்ததும் அவரே திகைத்துப்போனாராம். "வாயைத் திறக்கற வரைக்கும் எனக்கே தெரியாது அது யோசனைன்னு."

"என் பசங்க ரெண்டு பேர்" என்று பின்னாலிருந்து கார்மெனா கத்தினார். "அது என்ன பெரிய கஷ்டமா? ரயில்ல கூட்டிட்டு வந்துடறேன்."

"எனக்கு மூணு" என்றார் டாக்சிக்காரர். "வண்டியிலயே."

கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. வெந்நீரில் வெடித்த கை, மாவு ஒட்டிய கை, ஊசி குத்தின கை. குறுக்காக உட்கார்ந்திருந்த கர்ப்பிணி இரண்டு கையையும் தூக்கினாள். "இதுக்கும் ஒரு இடம் போட்டு வைங்க!"

ஃபெர்கஸ் மட்டும் தூக்கவில்லை. "எனக்குக் கல்யாணமே ஆகலையே" என்றார்.

"அதனாலென்ன?" என்றார் கார்மெனா. "காலையில ஸ்டேஷன்ல நின்னு எல்லாரையும் ரோடு கடத்திவிடு. உன்னைப் பார்த்தா பஸ்ஸே நிக்கும்."

ஃபாதர் கிரீலி எண்ண ஆரம்பித்தார். பாதியில் விட்டுவிட்டார். சிஸ்டர் பிளாசிட் கரும்பலகை பக்கம் திரும்பிக்கொண்டார். சாக்பீஸ் பலகையில் பட்டுக்கொண்டிருந்தது, நகரவில்லை.

8

கிளம்பும்போது ஃபாதர் கதவில் நின்று ஏதோ சொன்னார். அது என்ன?

கார்மெனா சொல்வது: "'ஃபிப்ரவரியில ஸ்கூல் திறக்கறப்ப அந்தப் பிள்ளைங்களைப் பார்க்கறேன், அப்ப நம்பறேன்'னார்."

நஜ்லா சொல்வது: "'கொஞ்சம் டீ கிடைக்குமா'ன்னார். அவ்வளவுதான்."

ஃபெர்கஸ் சொல்வது: "சிஸ்டர் கடைசியா அவர் பேரையும் கூப்பிட்டாங்க. 'தாமஸ் கிரீலி'ன்னு. அவர் நேரா நின்னு, 'உள்ளேன் சிஸ்டர்'னார்."

உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். (ஃபெர்கஸுடையதைத்தான் எடுப்பீர்கள் என்று தெரியும். நானும் அதைத்தான் எடுத்தேன், எடுத்துவிட்டு வெட்கப்பட்டேன், பிறகு வெட்கத்தை விட்டுவிட்டேன்.)

தீர்ப்பில் மட்டும் சந்தேகமில்லை. பள்ளி இன்னும் ஒரு வருஷம் நடக்கலாம், பிள்ளைகள் வருகிறார்களா என்று பார்ப்போம் என்றது அலுவலகம்.

9

இனி என் சொந்த ஞாபகம். இதற்கு நான் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

நாங்கள் நாகர்கோவிலிலிருந்து வந்து நாலே மாதம். அம்மாவுக்கு நகர மருத்துவமனையில் நர்ஸ் வேலை. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரி ஒருநாள் பேச்சுக் கொடுத்தாள். "உங்க பொண்ணை யார் பார்த்துக்கறாங்க?" அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த இருக்கைக்காரி நஜ்லா.

ஃபிப்ரவரியின் முதல் பள்ளி நாள். சென்ட்ரலில் கதவுகள் திறந்தன. எங்கள் பெட்டியிலிருந்து, அடுத்த பெட்டியிலிருந்து, எதிர் நடைமேடையில் வந்து நின்ற ரயிலிலிருந்து என்று பிள்ளைகள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பெரிதாகத் தைத்த புதுச் சீருடை, தோளில் பை, ஒரு கையில் அம்மாவோ அப்பாவோ. ஆபீஸ் போகிறவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். கழுத்தில் சாவி இல்லாத ஒரு சிறுமி நஜ்லாவின் கையை ஆட்டிக்கொண்டே நடந்தாள். ஸ்டேஷன் வாசலில், போக்குவரத்துக்கு நடுவே, துறைமுக ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்த ஒரு ராட்சதர் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். பஸ் நின்றது. லாரி நின்றது. சிட்னியே நின்றது என்றுதான் எனக்குப் பட்டது. நாங்கள் கடந்தோம். எதிர்ப்புறத்தில் சிஸ்டர் பிளாசிட் கையிலிருந்த மணியைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். பள்ளி நேரம் இன்னும் ஆகவேயில்லை.

அந்த மாதமே மாடியின் பூட்டைத் திறந்தார்கள்.

10

இங்கே ஒரு முடிவு வரவேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சிஸ்டர் பிளாசிட் இறக்கிறார் (இறந்தார், வெகு காலம் கழித்து, நல்ல வயதில், யாரையோ திட்டிக்கொண்டு). இன்னொன்றில் நாங்கள் எல்லோரும் கிளப்பில் எழுந்து நின்று கோப்பையை உயர்த்துகிறோம். மூன்றாவது ஒரு தத்துவம், அதை நான் உங்களுக்குக் காட்டப்போவதில்லை.

மூன்றையும் ஃபெர்கஸிடம் ஃபோனில் படித்தேன்.

"எதுக்கும்மா முடிக்கிறே?" என்றார். "ஸ்கூல்தான் இன்னும் மூடலையே."

சரிதான். இப்போது அங்கே நேபாளத்துப் பிள்ளைகள், கொலம்பியாப் பிள்ளைகள், பிலிப்பைன்ஸ் பிள்ளைகள். அவர்களுடைய அம்மா அப்பாக்கள் அதே ஹோட்டல்களில் போர்வை மடிக்கிறார்கள். அவர்களும் மேற்கிலிருந்து அதே ரயிலில்தான் வருகிறார்கள். எனவே நான் முடிக்காமலே எழுந்துகொள்கிறேன். முடிவு கட்டாயம் வேண்டும் என்பவர்கள் ஏதாவது ஒரு திங்கட்கிழமை காலையில் சென்ட்ரலின் நடைமேடையில் போய் நில்லுங்கள். ரயில் வரும். கதவு திறக்கும். முதலில் யார் குதிக்கிறார்கள் என்று—