நான்கு திருகாணிகள்

தேர்வு அறையின் கதவைச் சாத்தியதும் நான் வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட உட்கார்ந்தேன். இந்த வண்டியில் இதுவரை நாற்பத்தேழு பேரை இழுத்துப் போயிருக்கிறேன். முனைவர் பட்டம் வாங்கிய கையோடு ஆளை வண்டியில் ஏற்றி, தலையில் அட்டைத் தொப்பியைக் கவிழ்த்து, கோட்டிங்கன் சந்தைச் சதுக்கம் வரை இழுத்துப் போவது எங்கள் ஊர் வழக்கம். அங்கே நீரூற்றின் மேல் வாத்துகளோடு ஒரு வெண்கலப் பெண் நிற்கிறாள். புது முனைவர் ஏறி, அவளுக்கு ஒரு முத்தம் கொடுத்து, பூங்கொத்தைச் செருகிவிட்டு இறங்க வேண்டும். பெரிய மூளைக்காரர்களெல்லாம் வழுக்கித் தொட்டிக்குள் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். தேர்வில் விழுந்த ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. அதனால் முடிவு வருவதற்கு முன்பே வண்டியை அலங்கரித்துவிடுவோம்.

நான் இயற்பியல் கூடத்துப் பட்டறைக்காரன். அவர்கள் தாளில் கிறுக்கிக் கொண்டுவருவதை உலோகத்தில் செய்து கொடுப்பவன். உள்ளே பதில் சொல்லிக்கொண்டிருந்த ஹென்ரிகேவுக்கு ஏழு வருடம் அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். முப்பத்தைந்து வயது. கல்யாணம், வீடு எல்லாவற்றையும் 'முடிச்சுட்டுப் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டவள். அவளுடைய தொப்பியை நானே செய்தேன். அவள் கருவிக்கு எடுத்ததில் மீந்துபோன நான்கு திருகாணிகள் அவள் பெயர் எழுதிய உறையில் கிடந்தன. அவற்றைத் தொப்பியின் முன்பக்கம் பதித்து, 'உன் கருவியில் மிஞ்சியவை, பட்டறையின் அன்பளிப்பு' என்று எழுதி ஒட்டியிருந்தேன்.

அவளுடைய அப்பா ஒக்கோ காலை ரயிலில் கடற்கரை ஊரான எம்டனிலிருந்து வந்திருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், மடியில் பூங்கொத்து. வழியில் சுற்றுலாக் கடையில் வாத்துப் பெண் பொம்மை ஒன்று வாங்கியிருந்தார், பின்னால் காந்தம் வைத்து, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற மாதிரி.

"நீங்கதான் ஃபோல்க்மாரா? பொண்ணு போன் பண்ணா உங்க பேச்சுதான். ப்ரொஃபசர் ஊர்ல இல்லன்னாலும் ஓட்டிருவேன்ப்பா, ஃபோல்க்மார் இல்லன்னா என் வேல படுத்துரும்ப்பான்னுவா."

"சும்மா சொல்லுவா" என்றேன்.

"தொப்பி நல்லாருக்கு தம்பி. இதையும் மேல வெச்சுரலாமா?"

பொம்மையைத் தொப்பிக்கருகே கொண்டுபோனார். டக்கென்று அது திருகாணியில் ஒட்டிக்கொண்டது.

ஹென்ரிகேவின் கருவி, மிக மெல்லிய காந்தப் புலத்தை அளப்பது. அதில் காந்தம் ஒட்டுகிற பொருள் ஒரு குண்டூசி அளவுகூட இருக்கக் கூடாது. ஒவ்வொரு திருகாணியையும் என் மேசைக் காந்தத்தில் வைத்துப் பார்த்துத்தான் கொடுப்பேன். நான்கு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் பார்க்கவில்லை. மழை கொட்டுவதற்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம். காந்தம் ஒட்டுகிற திருகாணிகள் கிடந்த இழுப்பறைக்குக் கை மாறிப் போயிருக்கிறது. அதே அளவு, அதே பளபளப்பு. எட்டு எடுத்தேன், நான்கைக் கருவியில் முடுக்கினேன்.

கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. தட்டிச் சொல்லியிருக்கலாம். நாற்பத்தேழு பேரில் ஒருவரும் தேர்வில் விழவில்லையே, இவளும் தப்பிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் பயந்துபோய் நின்றேன், அவ்வளவுதான்.

கதவு திறந்தது. ஹென்ரிகே அப்பாவை மட்டும் பார்த்துத் தலையை ஆட்டினாள். "இல்லப்பா." கூடத்து ஆட்களில் யாரோ முன்கூட்டியே தளர்த்தி வைத்திருந்த நுரை ஒயின் புட்டியின் தக்கை அந்த நேரம் பார்த்துத் தானாகத் தெறித்தது. யாரும் சிரிக்கவில்லை.

"என்னம்மா கேட்டாங்க?" என்றார் ஒக்கோ.

"எல்லா அளவும் ஒரே பக்கமா சாஞ்சிருக்கே, ஏன்னாங்க. எனக்குத் தெரியலப்பா. நாலு வருஷமா தெரியல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "கருவியில கோளாறு இருக்குமோன்னாங்க. இருக்காது, எங்க பட்டறையில ஒண்ணொண்ணா சோதிச்சுத்தான் குடுப்பாங்கன்னு சொல்லிட்டேன்."

நான் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகி மூடினேன்.

"இன்னொரு தடவ எழுதலாமில்ல?" என்றார் ஒக்கோ.

"வேல இந்த மாசத்தோட முடியுதுப்பா. திரும்ப அளக்கக் கருவி யாரு தருவா?"

ஒக்கோ மடியிலிருந்த பூங்கொத்தைத் தூக்கிக் காட்டினார். "இத எம்டனுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது கண்ணு. நானும் இன்னொரு தடவ வர மாட்டேன். அந்த வாத்துப் பொண்ண ஒரு எட்டு பாத்துட்டுப் போறேனே."

அவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. வண்டியில் உட்கார வைத்தேன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். ஹென்ரிகே ஆக்ஸிஜன் உருளையைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தாள். வண்டியில் கட்டியிருந்த காகிதப் பூக்களைப் பிய்த்தெறிய யாருக்கும் தோன்றவில்லை.

சதுக்கத்தில் வெளியூர்க் கூட்டம். வழிகாட்டிப் பெண் எங்களைக் காட்டி, "பாத்தீங்களா, படிக்கிறதுக்கு வயசே கிடையாது" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஒக்கோ மரியாதைக்குக் கையை உயர்த்தினார்.

"இதப் பிடிம்மா" என்று தொப்பியை நீட்டினார், பூவை எடுப்பதற்காக.

அவள் வாங்கினாள். நான் எழுதியதைப் படித்தாள். பொம்மையைப் பிடித்து இழுத்தாள், சட்டென்று வரவில்லை. பிடுங்கி எடுத்து, அடுத்த திருகாணியின் பக்கம் கொண்டுபோனாள். டக். அதற்கடுத்தது. டக். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. நான் வண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பொம்மையை நான்காவது திருகாணிக்கு மேலே, ஒட்டாத தூரத்தில் பிடித்தபடி, நிமிராமல் நின்றாள்.