செஞ்சியில் ஒரு மதியச் சாப்பாடு

"சாப்பாட்டுக்கு எங்க சார் போலாம்? நம்மளுக்குத் தெரிஞ்ச மெஸ்ஸு ஒண்ணு இருக்குது. பத்து நிமிஷந்தான்."

ராஜகிரிக் கோட்டை வாசலில் கார் கதவைத் திறந்து பிடித்தபடி டிரைவர் சுஃப்யான் கேட்டதும் ராஜாமணி அவன் முகத்தைப் பார்த்தார். முப்பத்தோரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர் அவர். கழிப்பறைக்குள் தாழ்போட்டுக்கொண்டவர்களையும், கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடித்தவர்களையும், செத்துப்போகாத அம்மாவின் சாவுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களையும் பார்த்தவர். கேட்காமலே ஒருவன் ஒன்றைச் சொன்னால் அதற்குள் இன்னொன்று இருக்கும் என்று அங்கே கற்றுக்கொண்டார். ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் அந்தப் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ரயில் போகாத ஊர் என்பதால் அவர் வந்ததில்லை, அவர் வராததால் மனைவி சூர்யகலாவும் வந்ததில்லை. இந்த வருடம் அவள்தான் பிடிவாதமாக வாடகைக் கார் சொல்ல வைத்தாள். கல்யாண மஹாலையும் யானைக் குளத்தையும் சின்னப் பெண்போலச் சுற்றிச்சுற்றிப் பார்த்தாள். மலை ஏற வேண்டாம் என்று அவர் சொன்னபோது படிக்கட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெஸ்ஸெல்லாம் வேணாம்பா. நான் போன்ல பாத்து வெச்சிருக்கேன்" என்றார் ராஜாமணி.

காலையில் விக்கிரவாண்டி தாண்டியதும் சுஃப்யான் வண்டியை ஓரங்கட்டி யாருக்கோ போன் செய்ததை அவர் கவனித்திருந்தார். 'ரெண்டு பேரு, ஒரு மணிக்குள்ள வந்துருவோம்' என்றது காதில் விழுந்தது. ஆள் பிடித்துக் கொடுக்கிறான். இந்த மாதிரி ஊர்களில் டிரைவருக்குச் சாப்பாடு இலவசம், கையிலும் ஏதாவது வைப்பார்கள். சாப்பிடுகிறவன் வயிறு என்ன ஆனால் அவனுக்கென்ன?

போனில் நிறைய நட்சத்திரம் வாங்கியிருந்த முதல் ஹோட்டலின் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. வாசலில் ஒருவர் மல்லாட்டைக் கடலை காயவைத்திருந்தார். "அது மூடி ஒரு வருஷமாச்சுங்க" என்றார். சுஃப்யான் வண்டியைத் திருப்பினான். அவன் சிரிக்காமல் இருப்பதற்காகவே உதட்டை இறுக்கிக்கொண்டிருப்பதாக ராஜாமணிக்குப் பட்டது.

இரண்டாவது ஹோட்டல் திருவண்ணாமலை சாலையில் இருந்தது. உள்ளே சுற்றுலா பஸ் கூட்டம். முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். காத்திருக்கலாம் என்று சூர்யகலா சொன்னாள். ராஜாமணி சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, எண்ணெய் வாடை சரியில்லை, வேறு பார்ப்போம் என்று அவளைக் கிளப்பினார். மணி இரண்டைத் தாண்டியிருந்தது. காலை ஏழரைக்குச் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு அவள் சாப்பிட்டது மூன்று இட்லி. அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. மூன்றாவது ஹோட்டலுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அம்மாவைக் கொஞ்சம் பாருங்க" என்றான் சுஃப்யான், கண்ணாடியைப் பார்த்தபடி.

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டுப்பா."

"இல்ல சார், பேசறது ஒரு மாதிரியா இருக்குது."

சூர்யகலா ஏதோ சொல்லிக்கொண்டுதான் வந்தாள். அவர் காதில் வாங்கவில்லை. இப்போது திரும்பினார். "துணி காயப்போட்டன்ல... மழை வருது... படி எங்க?" என்றாள். ஏசி ஓடும் காரில் அவள் நெற்றியிலிருந்து வேர்வை புருவத்தில் வழிந்தது. கையைப் பிடித்தார். ஈரமாக, சில்லென்று, நடுங்கியது.

சுஃப்யான் புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்தி, தன் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினான். "சக்கரை எறங்கிருச்சு சார். எங்க அத்தாவுக்கு இப்டித்தான் வரும். ஜல்தியா இதைக் குடுங்க."

பாட்டிலை வாங்கினார் ராஜாமணி. தண்ணீர் பாட்டில்தான், மேலே ஒட்டியிருந்த தாள் கிழிக்கப்பட்டிருந்தது. மூடி ஏற்கெனவே திறந்தது. உள்ளே பழுப்பாக ஏதோ.

"என்னா இது?"

"நன்னாரி சர்பத்து சார். வீட்ல போட்டது."

அவர் அதை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். அடியில் தூசி மாதிரி ஏதோ படிந்திருந்தது. சாய்த்தார், நிமிர்த்தினார். "எப்பப் போட்டது?" என்று கேட்டார். மூடியைத் திறந்து மூக்கருகில் கொண்டுபோனார். சூர்யகலாவின் தலை மெல்ல ஜன்னல் பக்கம் சாய்ந்தது.

சுஃப்யான் இறங்கி வந்து பின்கதவைத் திறந்தான். அவர் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கி, ஒரு மடக்கு தான் குடித்துக் காட்டினான். பிறகு மூடியில் ஊற்றி அவள் உதட்டில் வைத்தான். "அம்மா, முழுங்குங்க. இன்னும் கொஞ்சம். அவ்ளோதான்."

நாலைந்து மூடி உள்ளே போனது. கால் மணி நேரம் மரத்தடியிலேயே இருந்தார்கள். ஒரு டிராக்டர் கடந்து போயிற்று. பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள்.

"தம்பி, நீ சொன்ன எடத்துக்குப் போ" என்றாள்.

மெஸ் ஒரு வீட்டின் முன்பக்கம்தான். தகரக் கூரை, நான்கு பெஞ்சு, சுவரில் பெயர்ப்பலகைகூட இல்லை. நடத்துகிற அம்சவள்ளி இடுப்பில் துண்டு செருகிக்கொண்டு வெளியே வந்தாள். "ஒரு மணின்னு சொல்லிட்டு இப்ப வர்றியே சுஃப்பு? சக்கரைக்காரங்கன்னு சொன்னியேன்னு கேப்பைக் களி கிளறி, யாருக்கும் குடுக்காம வெச்சிக்கினு இருக்கேன்."

ராஜாமணி கை கழுவப் போனார். குழாயைத் திறந்து வெகுநேரம் கழுவினார். காலையில் காரில் ஏறும்போது சூர்யகலா மாத்திரை டப்பாவைத் தேடியது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சரி, நல்லவன்தான் என்று நினைத்துக்கொண்டார். அப்படியானால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

திரும்பும்போது அடுப்படிக் கதவு வழியாக அது தெரிந்தது. அம்சவள்ளி ஒரு பெரிய பார்சல் பையைக் கட்டி சுஃப்யான் கையில் கொடுத்தாள். கூடவே மடித்த எதையோ அவன் சட்டைப்பையில் திணித்தாள். அவன் வேண்டாம் என்பதுபோல் தலையசைத்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

ராஜாமணிக்கு உடம்பு லேசானது. அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. வேகமாக வந்து மனைவியின் எதிரே உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"பாத்தியா கலா? பார்சலு, கையில பணம். நான் அப்பவே நெனச்சேன்."

சூர்யகலா களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வாங்கட்டும்."

"இல்ல, அதுக்குச் சொல்லல..."

"எனக்குப் பேச்சுதான் வரலை. கண்ணு தெரிஞ்சிக்கினுதான் இருந்துச்சு" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு இருந்தீங்க. எனக்கு அது புதுசா என்ன? முப்பத்திரெண்டு வருஷமா நான் குடுக்கற காபியையே மோந்து பாத்துட்டுத்தானே குடிக்கறீங்க."

அவர் வாயைத் திறந்தார். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வந்தது. ஆனால் அவள் காபித் தம்ளரை நீட்டும் கையும், கொடுத்த பிறகும் உடனே போகாமல் ஒரு கணம் நிற்கிற அவள் நிற்பும் கண்ணுக்குள் வந்தன. அவள் எதற்காக நிற்கிறாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"என்னா சார், எல காலியா கெடக்குது. சாப்புடுங்க" என்று அம்சவள்ளி அவர் இலையில் சோற்றை வைத்து, கருவாட்டுக் குழம்பைக் கரண்டி நிறைய ஊற்றிவிட்டுப் போனாள்.

ஆவி எழுந்தது. அவர் பிசைந்தார். ஒரு வாய் எடுக்கக் குனிந்தபோது, தன் தலை தேவையைவிடக் கீழே போவதையும், மூக்கு வாசனையை உள்ளே இழுப்பதையும் உணர்ந்தார். எதிரே சூர்யகலாவின் கை இலையின் மேல் அப்படியே நின்றிருந்தது. அவள் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நிமிராமலே தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, இலைக்கும் வாய்க்கும் நடுவே கையில் சோற்றோடு, குழம்பின் ஆவி மூக்குக் கண்ணாடியை மூட, அவர் குனிந்தவாக்கில் இருந்தார்.