காதனின் நடை

அண்ணன் மகள் தேடி வந்தபோது லிஃப்ட்காரர் ஒரு லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தார். ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே, கை முழுக்க கிரீஸ், வாயில் டார்ச். கீழேயிருந்து காவலாளியின் குரல் குழாய்க்குள் பேசுவதுபோல் வந்தது.

"சார், உங்க அண்ணன் பொண்ணு வந்திருக்காங்க. அவசரமாம்."

அண்ணன் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. போனவர் வீட்டில் இனி என்ன அவசரம் என்று முனகிக்கொண்டே இறங்கினார்.

பாப்பா வாசலில் நின்றிருந்தாள். நாற்பதை நெருங்கியும் குடும்பத்தில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"சித்தப்பா, அப்பாவோட கடைசிப் படத்தை முடிச்சிட்டிருக்கோம். ஒரே ஒரு காட்சிதான் பாக்கி. நீங்க வந்து கொஞ்சம் நடந்து காட்டணும்."

"என்ன காட்டணும்?"

"நடந்து. காதன் நடை எங்க யாருக்கும் வரமாட்டேங்குது."

கை துடைத்துக்கொண்டிருந்த துணியை அவர் தரையில் விட்டெறிந்தார். "உங்கப்பன் உயிரோட இருந்தப்பவே என்னை உரிச்சுத் தொங்கவிட்டாச்சு. மிச்சம் மீதி இருந்தா எடுத்துட்டுப் போகலாம்னு வந்தியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படியேறிப் போய்விட்டார்.

அவருடைய அண்ணன் பெரியவர்களுக்கு மட்டும் கார்ட்டூன் படம் எடுத்தவர். கார்ட்டூன் என்றாலே பிள்ளைகளைச் சாப்பிட வைக்க ஓடவிடும் சமாச்சாரம் என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பார்க்க வேண்டிய படங்களை வரைந்தார். படுக்கையறைச் சண்டை, குடித்துவிட்டு அழுகிற ஆண்கள், வழுக்கையை மறைக்கும் காதலர்கள், தொந்தி விழுந்த உடம்பின் ஆசை, எல்லாமே கறுப்புக் கோட்டில். கூப்பிட்ட கம்பெனிகளுக்கெல்லாம் ஒரே பதில்: "என் கோட்டை உங்க மேனேஜர் திருத்துவார். அப்புறம் நான் அவரைத் திருத்த வேண்டிவரும்." ஓர் அச்சகத்தின் மாடியில் இரண்டு அறை எடுத்து அங்கேயே கிடந்தார். கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். அந்த நடுக்கம் கோட்டிலும் தெரியும். பிற்பாடு விமரிசகர்கள் அதை அவருடைய பாணி என்று எழுதினார்கள். வாழ்நாள் முழுக்க நாலே படம். ஐந்தாவது பாதியில் நிற்கும்போது நுரையீரல் கைவிட்டது. ஆபாசம் என்று திட்டிய பத்திரிகையே இறந்த மறுநாள் மேதை என்று தலையங்கம் போட்டது.

நாலு படத்துக்கும் நாயகன் காதன்தான். ஒல்லிக் கழுத்து, தலைக்குப் பொருந்தாத பெரிய காது. நடக்கும்போது மேலுடம்பு முதலில் கிளம்பிவிடும். வரலாமா என்று கேட்டுக்கொண்டு கால்கள் பின்னால் வரும். நடுநடுவே காரணமில்லாமல், காற்றை உதைப்பதுபோல் ஒரு சின்ன எத்து. காதன் யார் என்று தெருவில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அண்ணன் தம்பியை அப்படியே பெயர்த்து எடுத்து வைத்திருந்தார்.

காதும் நடையும் மட்டும் என்றால் லிஃப்ட்காரர் பொறுத்துப் போயிருப்பார். முதல் படத்தில் ஒரு காட்சி உண்டு. காதன் வேலையிலிருந்து சீக்கிரம் வீட்டுக்கு வருகிறான். வாசலில் வேறொருவனுடைய செருப்பு. படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே மனைவி சிரிக்கும் சத்தம். காதன் அடுப்படிக்குப் போய் டீ போடுகிறான். தட்டில் இரண்டு கோப்பை வைத்து, கதவுக்கு வெளியே நின்று, "விருந்தாளிக்கு சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" என்று கேட்கிறான். அரங்கம் சிரித்து உருண்டது. அந்த வசனம் தெருவுக்கு இறங்கியது. பஸ்ஸில், பழுது பார்க்கப் போன வீடுகளில், அவரைப் பார்த்ததும் யாராவது ஒருவர் "சர்க்கரை எத்தனை?" என்பார்.

அதற்குப் பிறகுதான் அவர் நடையை மாற்றினார். காதை ஒன்றும் செய்ய முடியாது. நடையை மாற்றலாம். ஆள் குடிவராத புதுக் கட்டடங்களின் நீண்ட தாழ்வாரங்களில் தனியாகப் பழகினார். குதிகாலை ஊன்றி, தோளை நிமிர்த்தி, கையை உடம்போடு ஒட்டி, போலீஸ்காரர் மாதிரி. எத்து வரும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு வருஷத்தில் புது நடை ஒட்டிக்கொண்டது. அண்ணனோடு பேச்சை நிறுத்தி, அவர் சாவுக்கும் அந்தப் போலீஸ் நடையிலேயே போய், ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பினார்.

பாப்பா வந்துபோன அன்று வீட்டில் அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். முதல் கல்யாணம் முறிந்து பல வருஷம் கழித்து வந்த இரண்டாவது மனைவி. வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள்.

"போய்ட்டு வாங்களேன். நடந்தா கால் தேய்ஞ்சா போயிடும்?"

"உனக்கு என்ன தெரியும்? உன்னைப் பார்த்தா ஊர் சிரிச்சுது?"

"நானும் சிரிச்சேன்தான். உங்களைப் பொண்ணு பார்க்க... சரி, நீங்கதான் என்னைப் பார்க்க வந்தீங்க. அதுக்கு முன்னாடியே அந்தப் படத்தைப் பார்த்திருந்தேன்."

அவர் நின்றுவிட்டார். இத்தனை வருஷத்தில் இதை அவள் சொன்னதில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா இப்படிக் குட்டி போட்ட பூனை மாதிரி அலைவீங்கன்னுதான். அந்த ஆள் டீ ஆறிடுமேன்னு கவலையோட நிப்பான். இப்படி ஒருத்தன் கூட இருந்தா நல்லாத்தான் இருக்கும்னு தோணுச்சு. போதுமா? போய்க் கை கழுவிட்டு வாங்க, கிரீஸ் நாத்தம்."

மறுநாள் அவர் போனார். நடக்கப் போகவில்லை, முடியாது என்று முறையாகச் சொல்லிவிட்டு வரப் போவதாகத் தனக்கே சொல்லிக்கொண்டார்.

அச்சகம் எப்போதோ மூடிவிட்டது, மாடி அறைகள் அப்படியே இருந்தன. பாப்பாவும், தாடி என்று எல்லோரும் கூப்பிடும் ஓர் ஓவியரும், குரல்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணும் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அண்ணனுடைய நாற்காலியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அதன்மேல் தாள்கள் குவிந்திருந்தன.

"முதல்ல இதைப் பாருங்க," என்று பாப்பா திரையைத் திருப்பினாள்.

வயதான காதன். குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ மணி அடிக்கிறார்கள். அம்மணமாக எட்டிப் பார்க்கிறான். காற்றில் கதவு சாத்திக்கொள்கிறது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மறைத்துக்கொள்ள ஒரு செய்தித்தாள்தான் இருக்கிறது. பதினோரு மாடியும் படியிறங்க வேண்டும், ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதவு திறக்கிறது.

"லிஃப்டையும் விடலையா அந்த ஆளு," என்றார் லிஃப்ட்காரர்.

தாடி சிரித்தார். பிறகு காதன் இறங்கத் தொடங்கினான்.

நடை தப்பாக இருந்தது. காது சரி, கழுத்து சரி, கோட்டில் நடுக்கம்கூட இருந்தது. உடம்பு முன்னால் சாய்ந்தது, கால்கள் பின்னால் வந்தன, எத்து எத்தவேண்டிய இடத்தில் எத்தியது. ஆனாலும் அது வேறு யாரோ. காதனுடைய சட்டையை மாட்டிக்கொண்டு வந்த அந்நியன் மாதிரி இருந்தான். சாவு வீட்டில், அண்ணனைத் தூக்கிக்கொண்டு போனபோது, லிஃப்ட்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. இங்கே, இந்தத் தப்பான நடையைப் பார்த்தபோதுதான், அந்தக் கை இனி வரையாது என்பது மண்டையில் ஏறியது. அது அவரை இளக்கவில்லை. கோபம்தான் வந்தது.

"நிறுத்து," என்றார்.

"தப்புன்னு தெரியுது இல்ல? எங்களுக்கும் தெரியுது. எங்கன்னுதான் தெரியல," என்றாள் பாப்பா. "அப்பாவுக்கு எதையும் பார்க்காமலே வரும். அந்த சர்க்கரை வசனம் மாதிரி. எங்கேருந்துதான் இப்படி ஒரு ஜோக்கைப் பிடிச்சாரோன்னு இன்னிக்கும் கார்ட்டூன் படிக்கிற மாணவர்கள் என்னைக் கேட்கறாங்க."

"அது ஜோக் இல்ல."

"என்ன சித்தப்பா?"

"நான் கேட்டேன்." அவர் குரல் உயர்ந்தது. "நிஜமாவே கேட்டேன். கதவுக்கு வெளியே நின்னுகிட்டு. வேற என்ன கேட்கறதுன்னு தெரியல. கதவை உடைக்கவா? உடைச்சு? இதை நான் உலகத்துல ஒரே ஒரு ஆள்கிட்டதான் சொன்னேன். கார்ல போயிட்டிருந்தோம். வண்டியை ஓரமா நிறுத்திட்டு உங்கப்பன் என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதான். அழுதுட்டு வந்து அதை வரைஞ்சான்!"

பாப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் நாற்காலியிலிருந்த தாள்களில் இடித்துக்கொண்டு வெளியே போனார், படியிறங்கினார், முற்றத்தைக் கடந்து தெருவுக்கு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பாப்பா வீட்டுக்கே வந்தாள். உட்காரவில்லை. தாடியின் போனை எடுத்து நீட்டினாள்.

"நீங்க கோபமா போனப்போ தாடி ஜன்னல்லேருந்து எடுத்துட்டார். நான் எடுக்கச் சொல்லல, ஆனா பார்த்துட்டேன். அதேதான் சித்தப்பா. அப்படியே காதன். நீங்க சரின்னா இதை வெச்சு வரைவோம். வேண்டாம்னா நீங்களே அழிச்சிடுங்க, வேற பிரதி இல்ல. அப்பா கேட்காம எடுத்தார். நான் அப்படி எடுக்கமாட்டேன்."

அவர் பார்த்தார். முற்றத்தில் ஒரு கிழவன் போகிறான். மேலுடம்பு முதலில், கால்கள் பின்னால். வாசல் பக்கத்தில் ஓர் எத்து. இத்தனை வருஷம் நாக்கைக் கடித்துக் கொன்றது, கோபம் வந்ததும் எழுந்து நடந்து போயிருக்கிறது. மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

அவர் அழித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். பாப்பா தலையாட்டினாள், காலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒரு வார்த்தைகூட வற்புறுத்தவில்லை. அதுதான் அவரை அதிகம் படுத்தியது.

வேலை ஓடவில்லை. ஒரு கட்டடத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டுவிட்டு வந்தார், இன்னொன்றில் பையையே விட்டார். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் லிஃப்ட் குழிக்குள் விளக்கடிக்கும்போதும் அந்தத் தப்பான காதன் இறங்கிக்கொண்டே இருந்தான். அழைப்பு வரும் என்று போனைப் பார்த்தார், வரவில்லை. வந்திருந்தால் திட்டியிருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை பாதி வேலையில் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு நேராக மாடிக்குப் போனார்.

"எங்க நடக்கணும்?" என்றார். "துணியெல்லாம் அவுக்கமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

சுவரோரமாக மேஜைகளை ஒதுக்கினார்கள். தாடி கேமராவை வைத்தார். லிஃப்ட்காரர் நடந்தார். போலீஸ்காரர் நடைதான் வந்தது. மறுபடி நடந்தார். முன்னால் சாய்ந்தால் விழப்போகிறவர் மாதிரி இருந்தது. எத்தினால் சர்க்கஸ் கோமாளி. கோபத்தை வரவழைக்கப் பார்த்தார், அதுவும் சொன்னபடி வரவில்லை. மதியம் வரைக்கும் நடந்து வேர்த்துவிட்டது.

"படியில நடந்து பாருங்களேன்," என்றாள் பாப்பா.

வெளிப் படிக்கட்டுக்குப் போனார்கள். வருஷக்கணக்காக லிஃப்ட் கூரைகளில் மண்டியிட்டதில் அவருடைய வலது முழங்கால் போயிருந்தது. இறங்குவதென்றால் ஒரு காலை வைத்து, மறு காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, கைப்பிடியைப் பிடித்து ஒரு மூச்சு நின்று, பிறகு அடுத்த படி. நடை என்று ஒன்றையும் நினைக்க அவருக்கு இடமில்லை, வலிக்கிறதா என்றுதான் பார்த்தார். கீழே வந்து திரும்பிப் பார்த்தபோது மூவரும் அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது காதன் இல்லையே," என்றார் அவர்.

"அவனுக்கும் வயசாயிடுச்சு இல்லையா?" என்றாள் பாப்பா. "அப்பா வரைஞ்சது பழைய கால். அவர் உங்களைக் கடைசியா எப்பப் பார்த்தார்?"

அவர் மறுபடி மேலே ஏறினார். "இன்னொரு தரம் எடு," என்றார்.

படம் அடுத்த வருஷம் வந்தது. மனைவியோடு போனார். உட்கார்ந்து பார்க்கப் பொறுக்காமல் பின்சுவரில் சாய்ந்து நின்றார். காதன் செய்தித்தாளோடு இறங்கத் தொடங்கியதும் அரங்கம் சிரித்தது. ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் சிரிப்பு ஏறியது. நாலாவது மாடியில் காதன் கைப்பிடியைப் பிடித்து நின்றான். முழங்கால் அடங்கும்வரை காத்திருந்தான். சிரிப்பு தானாக நின்றது. யாரோ இருமினார்கள். பிறகு அவன் அடுத்த படியில் கால் வைத்தான், மறுபடி சிரித்தார்கள்.

இந்த இடத்தைப் பற்றி அண்ணனிடம் கேட்க வேண்டும் போலிருந்தது. நல்லா இருக்கா, இல்ல கெட்டுப்போச்சா? அவர் இருந்திருந்தால் நிச்சயம் சண்டை போட்டிருப்பார், இவரும் விட்டிருக்கமாட்டார். விளக்கு வருவதற்குள் வெளியே வந்துவிட்டார்.

மனைவி தேடிக்கொண்டு வந்தாள். "ஏன் ஓடி வந்துட்டீங்க? பாப்பா மேடையில உங்களைக் கூப்பிடறா."

"கூப்பிடட்டும்."

"போகலையா?"

"போகணுமா?" என்றார். கதவைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே?"

"என்னைக் கேட்டா? கால் உங்களுது."

உள்ளே கைதட்டல் ஓய்வதற்கு முன்னால், அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவைத் தள்ளினார்.