செருப்புத் தட்டில் கைபேசிகள்

ஸ்டுட்கார்ட்டில் ஸ்வர்ணாவின் வீட்டு வாசலைத் தாண்டும் கைபேசி எதுவானாலும் அந்தக் கணமே பதினெட்டுக் கிலோ எடையாகிவிடும். வெளியே கொண்டுவந்தால் பழையபடி. கட்டட நிர்வாகத்திலிருந்து ஒருவர் தேர்மின், அதாவது சந்திப்பு நேரம், குறித்து வந்து, மூன்று தடவை நிறுத்துப் பார்த்து, நான்காம் மாடித் தளம் இந்தப் பாரத்தைத் தாங்காது, ஆகவே கைபேசிகளை வெளியே வைக்கவும் என்று கடிதம் அனுப்பினார். ஏன் இப்படி நடக்கிறது என்று விசாரிப்பது அவருடைய பிரிவின் வேலையல்ல. அன்றிலிருந்து விருந்தாளிகள் செருப்பைக் கழற்றும்போதே கைபேசியையும் அதற்குள் சொருகிவிட்டு உள்ளே போனார்கள். உள்ளே போனவர்களுக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

அதே வருடம் தை மாதத்தில்தான் நகரத்தின் தமிழ்ச் சங்கம் இரண்டாகியிருந்தது. பொங்கல் நேரத்தில் வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மணி வித்தியாசம். முதலில் ஒரு மண்டபத்தில் இரண்டு பானை வைத்தார்கள், பிறகு இரண்டு மண்டபம், பிறகு இரண்டு வாட்ஸப் குழு. சூரியன் இதொன்றும் அறியாமல் தன்பாட்டில் உதித்துக்கொண்டிருந்தது. வாக்கியக் குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர், நிர்வாகி சயந்தினி. எதிரணியின் பொங்கல் படத்துக்குக் கட்டைவிரல் காட்டினான் என்று தன் கணவன் இரத்தினத்தையே குழுவிலிருந்து நீக்கியவள். வீட்டில் அவன் ‘ஓம்’, ‘சரி’, ‘உப்புக் காணாது’ என்பதற்கு மேல் பேசிப் பல வருடம்.

அந்த இரத்தினம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்வர்ணா வீட்டில் மூன்று மணிநேரம் கதைக்கிறானாம், சிரிக்கிறானாம், அதுவும் எதிரணிச் செயலாளர் தபோதரனோடு. கேள்விப்பட்ட சயந்தினி ஸ்வர்ணாவின் படத்தைத் தேடிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஸ்வர்ணா என்ன ரதியா? அவள் ஊற்றும் தேநீரில் சாயத்தைத் தேடவேண்டும். மயக்குகிறவள் என்றால் மயிரைப் பிடித்துச் சண்டை போடலாம். காது கொடுத்துக் கேட்கிறவளோடு என்னவென்று சண்டை போடுவது?

ஆகவே போட்டிக்கு ‘கைபேசியற்ற மாலை’ ஒன்றை அறிவித்தாள். மண்டபம், குத்துவிளக்கு, தன் படம் போட்ட பதாகை, நேரலை. அறுபத்துமூன்று பேர் வந்து கைபேசியற்ற மாலை முழுவதையும் கைபேசியில் படம் பிடித்தார்கள். முன்யோசனையாகக் கொண்டுபோன தராசில் எந்தக் கைபேசிக்கும் ஒரு கிராமும் கூடவில்லை.

அடுத்த ஞாயிறு, ஸ்வர்ணாவின் குட்டை உடைப்பதென்று, நேரலையை ஓடவிட்ட கைபேசியைக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு நான்கு மாடியும் ஏறினாள். வாசலைத் தாண்டியதும் பை அவளை ஒரு பக்கமாகச் சரித்தது. மற்றவர்களுடையது பதினெட்டுக் கிலோ என்றால் அவளுடையது நாற்பது தேறும். விடவில்லை. கூனிக்கொண்டே போய்க் கணவனுக்கு முன்னால் நின்றாள்.

“வாங்கோ, இருங்கோ,” என்றாள் ஸ்வர்ணா. “கனநாளா உங்களிட்டைக் கேக்கவேணும் எண்டு இருந்தனான். நீங்கள் ஏன் வாக்கியம்தான் சரியெண்டு நிக்கிறியள்?”

நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி. சயந்தினி வாயைத் திறந்தாள். அவள் போட்ட முன்னூறு குரல்பதிவுகளிலும் எதிரணி எவ்வளவு மோசம் என்பதுதான் இருந்தது.

“உண்மையைச் சொன்னா எனக்கு வடிவாத் தெரியாது,” என்றாள்.

“எனக்கும் தெரியாதக்கா,” என்றான் தபோதரன். “நீங்கள் வாக்கியம் எண்டியள், அதாலை நான் திருக்கணிதம் எண்டிட்டன்.”

இரத்தினம் கண்ணில் நீர் வரச் சிரித்தான். இந்தச் சிரிப்பை இத்தனை ஞாயிறும் இந்த வீட்டுச் சுவர்களெல்லாம் சும்மா கேட்டிருக்கின்றனவே என்ற பொறாமையில் சயந்தினி பிடியை விட, பை தரையில் விழுந்தது. கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றால் தன் கூரையில் இடித்தார்.

“என்னோடை ஏனப்பா இப்பிடிக் கதைக்கிறேல்லை?” என்றாள் சயந்தினி கணவனிடம்.

“நீதானேயப்பா என்னை நீக்கிப்போட்டாய்,” என்றான் இரத்தினம்.

அன்று டிராமில் அவன் ஏழு நிறுத்தம் கதைத்தான். இறங்கவேண்டிய இடம் போய்விட்டது. இருட்டுமுன் திரும்பி நடந்தார்கள். சங்கங்கள் இன்றும் இரண்டுதான், பானைகளும் இரண்டுதான். கைபேசியோடு அங்கேயே விட்டுவந்த பையை அடுத்த ஞாயிறு எடுக்கிறேன் என்றாள் சயந்தினி. அடுத்த ஞாயிறும் அதையே சொன்னாள். காற்றுக்குக் கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க ஸ்வர்ணா அதை அண்டைகொடுத்து வைத்திருக்கிறாள். வேறு எவருடைய கைபேசியும் இதுவரை அந்தக் கனத்துக்கு வரவில்லை என்பதில் சயந்தினிக்குக் கொஞ்சம் பெருமைதான்.