இன்று இங்கே சாப்பிட வேண்டாம்

அந்தப் பெருநகரத்தில் நல்ல சுஷி எங்கே கிடைக்கும் என்று யாரைக் கேட்டாலும் பாலத்தை ஒட்டிய அந்த உணவகத்தைத்தான் கைகாட்டுவார்கள். ஏழு ஆண்டுகளாக அங்கே மரமேடைக்குப் பின்னால் நின்று பச்சை மீனை அறுத்துச் சோற்றுப் பிடிமேல் வைத்துத் தருபவளை எல்லோரும் கத்திக்காரி என்றே கூப்பிட்டார்கள். மேலாளர் அவளுடைய நாத்தனார். வேலை வாங்கிக் கொடுத்ததும் நாத்தனார்தான். அதை மாதம் ஒருமுறையாவது ஞாபகப்படுத்தத் தவறமாட்டாள்.

அன்று காலை கத்திக்காரி குளிர்பெட்டியைத் திறந்தபோது குளிர் முகத்தில் அடிக்கவில்லை. இயந்திரம் எப்போதோ நின்றுபோயிருந்தது. சூரை மீன் துண்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். விழுந்த குழி விழுந்தபடியே இருந்தது. சால்மனை மோந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. மொத்தத்தையும் கொட்டிவிடலாம் என்று நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனாரோ, மதியத்துக்கு எல்லா மேசையும் முன்பதிவாகிவிட்டது, காரத்தையும் சாஸையும் கூட்டிப் போட்டால் ஒருவருக்கும் தெரியாது என்றாள்.

"எனக்குத் தெரியுமே, அண்ணி."

"உனக்குத் தெரிஞ்சது உன்னோட இருக்கட்டும். வாயத் திறக்காம வேலையப் பாரு."

கத்திக்காரி வாயைத் திறக்கவில்லை, மீனையும் தொடவில்லை. சோற்றில் வினிகர் கலந்து விசிறியால் ஆறவைத்தாள். வெள்ளரிக்காய் நறுக்கினாள். ஆள் வருவதற்குள் நாத்தனாருக்கு மனம் மாறிவிடும் என்று ஒரு நப்பாசை.

பன்னிரண்டு மணிக்கு முதலில் வந்தவர்கள் ஓர் அப்பாவும் மகளும். அப்பாவின் சட்டை இரண்டு சுற்றுப் பெரிதாகத் தொங்கியது. மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை இன்னும் இருந்தது. மூன்று மாதம் பத்தியச் சாப்பாட்டோடு படுத்துக் கிடந்தவராம். இனி பிடித்ததைச் சாப்பிடலாம் என்று நேற்றுத்தான் மருத்துவர் சொல்லி அனுப்பினாராம்.

"நல்ல சுஷி எங்கன்னு வார்டு முழுக்கக் கேட்டேம்மா," என்றார் அவர். "நர்ஸ்லேர்ந்து பெருக்குறவங்க வரைக்கும் இந்த இடத்தத்தான் சொன்னாங்க. எது நல்லா இருக்கோ, அதையே குடு."

நாத்தனார் சிரித்த முகமாக மேடைக்குப் பின்னால் வந்து நின்றாள். கீழே அவளுடைய செருப்பு கத்திக்காரியின் காலை ஒரு மிதி மிதித்தது.

கத்திக்காரி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயா, இன்னிக்கு இங்க சாப்பிடாதீங்க," என்றாள், கடைசி மேசைக்கும் கேட்கும் குரலில். "குளிர்பெட்டி நின்னுபோச்சு. மீன் கெட்டிருக்கு. என் வீட்டுல யாருக்கும் நான் இதப் போடமாட்டேன்."

உள்ளே வந்துகொண்டிருந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். நாத்தனார் அவசரமாக மேடையைச் சுற்றி முன்னால் வந்தாள். பிறகு, இவளுக்கு உடம்பு சரியில்லை, ஏதோ உளறுகிறாள் என்று சமாளித்தாள்.

"அப்ப அந்தச் சூரைல நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க அண்ணி. உளறினேன்னு ஒத்துக்கிறேன்."

நாத்தனார் சாப்பிடவில்லை. இந்த நிமிடமே வெளியே போ என்று மட்டும் சொன்னாள். கத்திக்காரி ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்தாள். தன் சொந்தக் கத்திகள் மூன்றையும் துணியில் சுற்றிக்கொண்டாள். அப்போது பெரியவர், அப்படியானால் தாங்கள் எங்கேதான் போவது என்று கேட்டார்.

அதற்குத்தான் அவள் தயங்கினாள். பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஆறே இருக்கை உள்ள ஒரு கடை இருந்தது. அதை நடத்துகிறவன் முன்பு இதே மேடையில் அவளோடு நின்றவன். தலைமை இடம் அவளுக்குக் கிடைத்தபோது, நாத்தனார் தயவில் வந்தவள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு விலகிப் போனான். நாலு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் நேற்றைய மீனை அவன் பூனைக்குக்கூடப் போடமாட்டான்.

வாருங்கள், நானே கூட்டிப்போகிறேன் என்று மகளின் காரில் ஏறிக்கொண்டாள்.

அவளைப் பார்த்ததும் கடைக்காரன் கத்தியைக் கீழே வைத்தான்.

"உன்னப் பத்தி என் எண்ணம் மாறல," என்றாள். "உன் மீனப் பத்தியும் மாறல. இவருக்கு நல்லதாப் போடு."

அவன் கத்தியை மறுபடி எடுத்து மீனை அறுத்தான். பெரியவர் முதல் துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மென்றார். மகளின் தட்டுக்குப் போன அடுத்த துண்டையும் கையை நீட்டி எடுத்துக்கொண்டார். சோற்றைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்திருக்கிறாய் என்று கத்திக்காரி சொன்னாள். கடைக்காரன் முறைத்தான், ஆனால் அடுத்ததை இளக்கமாகப் பிடித்தான்.

வீட்டில்தான் பெரிய ரகளை. மாலையே நாத்தனார் ஒரு கடிதத்தோடு வந்து உட்கார்ந்தாள். கோபத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் உணவக முதலாளி மறுபடி வேலை தருவாராம். இல்லாவிட்டால் இந்த ஊரில் எந்தச் சமையலறையும் சேர்க்காதாம். கணவன் அக்காளையும் மனைவியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, ஒரு கையெழுத்துதானே என்று மெல்ல இழுத்தான்.

கத்திக்காரி பேனாவை வாங்கினாள். அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, மீன் எப்படி இருந்தது, யாரிடம் சொன்னாள், என்ன பதில் வந்தது என்று நாலு வரி எழுதி, முழுப்பெயரோடு கையெழுத்திட்டாள்.

"நடந்தது இதான் அண்ணி. முதலாளிகிட்ட குடுங்க."

நாத்தனார் அதைக் கிழித்துப் போட்டாள். அதன்பின் ஒன்பது மாதம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. சொன்னதுபோலவே இரண்டு சமையலறைகள் கத்திக்காரியை வாசலோடு திருப்பி அனுப்பின. மூன்றாவது சமையலறைக்கு அவள் போகுமுன், பணிமனைக் கடைக்காரன் ஆளனுப்பினான்: மதிய நேரத்தை அவள் பார்த்துக்கொள்வாளா என்று. மீன் சரியில்லை என்று தான் சொல்கிற நாளில் எதிர்ப்பேச்சில்லாமல் கடையைச் சாத்துவதானால் வருகிறேன் என்றாள். அவன் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரியென்றான்.

சேர்ந்த இரண்டாம் வாரமே கடலில் புயல். வந்த மீன் அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் கதவை இழுத்துச் சாத்தினாள். அவன் முணுமுணுத்தான், திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்தபோது வெளியே பதினோரு பேர் நின்றார்கள். ஆறு பேரை உட்காரவைத்துவிட்டு, மற்றவர்களைக் காத்திருக்கச் சொன்னாள். ஒருவரும் நகரவில்லை.