வாய்க்காலை மறித்த தையலறை

மழைத்தண்ணீரைச் சதுப்பு நிலத்துக்குக் கொண்டுபோகும் பழைய வாய்க்காலை மீட்கக் குழு சேர்த்தது எங்கள் அண்ணன்தான். எவர் வீட்டுச் சுவர் குறுக்கே நின்றாலும் வாசலில் போய்த் தொண்டை கிழியப் பேசுவார். வாய்க்கால் மேல் போட்டிருந்த கொட்டகையைப் பிரிக்கத் தெருமுனை மெக்கானிக் ஒரு மாதம் அவகாசம் கேட்டதற்கு, "தண்ணி உங்களுக்காகக் காத்திருக்குமா?" என்று விரட்டியவர்.

தோண்டிக்கொண்டே வந்த வாய்க்கால் எங்கள் வீட்டுப் பின்சுவரில் முட்டி நின்றது. உள்ளே இருப்பது என் தையலறை, என் பிழைப்பு. அறையைத் தாண்டினால் சதுப்பு நிலம் தண்ணீரில்லாமல் வெடித்துக் கிடந்தது. இங்கேதான் முட்டும் என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் கூடத்திலேயே கூட்டம் போட்டு, எங்கள் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அறையைக் கட்டிய அண்ணனுக்கு மட்டும் அது நினைவுக்கே வரவில்லையாம்.

அன்றைய கூட்டத்தில் எழுந்து, "நாமதான் முன்னுதாரணமா இருக்கணும். என் தங்கச்சி ரூமை நாளைக்கே இடிக்கிறோம்" என்று அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். பின்னால் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாண்ணா?"

"நீ வேண்டாம்னா சொல்லப் போற?"

சொல்லமாட்டேன்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

"நான் எங்க உக்காந்து தைக்கிறது?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா."

அவருடைய 'அப்புறம்' எனக்குத் தெரியாதா? குளியலறைக் குழாய் அதை நம்பித்தான் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் அறை போனது. சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. நான் உட்கார்ந்து தைத்த இடத்தில் தண்ணீர் சுழித்து ஓடிச் சதுப்பில் இறங்கியது. கோபத்தோடுதான் பார்த்தேன், ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

குழுவோடு நனைந்துகொண்டு வந்த அண்ணன் கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டார். கூட்டம் போடும் இடத்தில் என் மிஷின், வெட்டும் மேசை, தொங்கும் சட்டைகள். நாற்காலிகளை அண்ணி மாடிக்கு ஏற்றியிருந்தாள்.

"இங்க எப்படிம்மா கூட்டம் போடுறது?"

"நீங்க வேண்டாம்னு சொல்லமாட்டீங்கன்னு நெனச்சேன்."

குழு குனிந்து செருப்பைப் பார்த்தது.  அண்ணன் உள்ளே வந்து, மேசைக்கு இடைஞ்சலாக நின்ற, தனக்குக் கிடைத்த பாராட்டுக் கேடயங்களை அடுக்கிய அலமாரியை மூச்சிரைக்கத் தள்ளினார். தள்ளி நிறுத்தியது எங்கே? எனக்கு வெளிச்சம் வரும் ஒரே ஜன்னலுக்குக் குறுக்கே.